சத்தமில்லாத ஆறு எண்கள்

சில்லுவின் அப்பா காயில் மாமாவுக்குத் தர வேண்டிய பாக்கி நான்காயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய். "எண்பதை விட்டுடுங்களேன்" என்று அப்பா கேட்டுப் பார்த்தார். "எண்பதை விட்டா நாலாயிரத்தையும் விடச் சொல்லுவீங்க அண்ணே" என்று மாமா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

காயில் மாமா என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. அந்தக் கம்பிச் சுருளுக்குத்தான் காயில் என்று பெயர். ஊருக்கே அவர் காயில் மாமா ஆகிவிட்டார்.

சில்லுவும் அப்படித்தான். அவளுடைய அப்பா கல்தரைக்குப் பாலீஷ் போடுகிறவர். அவள் பிறந்த அன்று கையில் வாங்கிப் பார்த்து, "என்னடா இது, கல்லுல இருந்து தெறிச்ச சில்லு மாதிரி இத்தனூண்டு இருக்கா!" என்றாராம். இப்போது அவளுக்குப் பத்து வயது. நன்றாக வளர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

அன்று பள்ளிக்கு அரை நாள். சில்லு நேராகக் காயில் மாமாவின் கடைக்கு ஓடி வந்தாள். கடை வாசலில் அப்பாவின் பாலீஷ் இயந்திரம் புதுக் கம்பியோடு பளபளவென்று நின்றது; பக்கத்தில் அப்பா. பாக்கியைக் கட்டினால்தான் இயந்திரம் கிளம்பும். மறுநாள் காலையில் புதிய நூலகத்தின் தரைக்குப் பாலீஷ் போடும் வேலை ஆரம்பம். இருபது நாள் வேலை. "காலையில மெஷினோட வந்து நில்லுங்க. வரலைன்னா வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்" என்று மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார்.

கையில் பணம் இல்லையா? இருந்தது. முந்தின வேலைக்கான கூலி முழுவதும் நேற்றே அப்பாவின் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. ஃபோனை எடுத்து, விரலை வைத்தால் பணம் போய்விடும்.

"வாம்மா சாவிக்காரி. வந்து விரலை வை" என்றார் மாமா.

சில்லு தன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். பெருவிரலைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கட்டைப் பார்த்தால் விரல் மாதிரியே இல்லை. சின்ன வெங்காயம் மாதிரி இருந்தது.

"அய்யய்யோ! என்னடி ஆச்சு?" என்று அப்பா பதறினார்.

"மேசை டிராயரை மூடும்போது நசுங்கிடுச்சுப்பா. தோல் உரிஞ்சிடுச்சு. நர்ஸ் அக்கா ஒரு வாரம் கட்டைப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

அப்பா கட்டின் மேல் மெல்ல ஊதினார். அதற்குப் பிறகுதான் மூவருக்கும் இன்னொரு விஷயம் உறைத்தது. மூவரும் ஒரே நேரத்தில் ஃபோனைப் பார்த்தார்கள்.

அப்பாவின் கணக்கு ஏன் சில்லுவின் விரலுக்குத் திறக்கிறது? அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா எழுத்துப் படித்தது பெரியவரான பிறகு. பகலெல்லாம் தரை தேய்த்துவிட்டு மாலை வகுப்புக்குப் போய், கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தார். அந்தப் பழக்கம் அவரோடு ஒட்டிக்கொண்டது. எதைப் படித்தாலும் சத்தமாகத்தான் படிப்பார். போதாக்குறைக்கு, பாலீஷ் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி அவர் குரலும் பெரிசு. அப்பா கிசுகிசுத்தால் அடுத்த தெருவில் நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அதனால் கடையில் பணம் கட்டும்போது, "மூணு... எட்டு... ஒண்ணு..." என்று ரகசிய எண்ணைச் சொல்லிக்கொண்டே அழுத்துவார். கடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் சில்லு எண்ணை மாற்றினாள். 'இனிமேல் எண்ணே வேண்டாம், விரல் போதும்' என்று ஃபோனில் அப்பாவின் விரலைப் பதிக்கப் பார்த்தாள். அது பதியவில்லை. வருடக்கணக்கில் கல்லையும் பொடியையும் தொட்டு, அவர் விரல்களில் ரேகையே இல்லை. கடைசியில் தன் பெருவிரலைப் பதித்துவிட்டாள். அதிலிருந்து அரிசி வாங்கினாலும் சரி, கரண்ட் பில் கட்டினாலும் சரி, "எங்கே உன் பொண்ணு?" என்றுதான் கடைக்காரர்கள் கேட்பார்கள். சில்லுவுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது அந்தப் பெருமை வெங்காயக் கட்டுக்குள் இருந்தது.

சில்லு இடது பெருவிரலை வைத்துப் பார்த்தாள். ஃபோன் மாட்டேன் என்றது. கட்டோடு வைத்துப் பார்த்தாள். மாட்டேன் என்றது. யாரும் பார்க்காதபோது மூக்கு நுனியைக் கூட வைத்துப் பார்த்தாள்.

"நம்பர் ஒண்ணு வச்சியே, அது என்ன?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு வருஷம் ஆச்சுப்பா. ஒருதடவை கூட அதைப் போடவே இல்லையே..."

நினைவில் வந்ததைப் போட்டாள். தவறு. இன்னொன்று. தவறு. மூன்றாவது எண்ணைப் போட்டதும் திரை சிவப்பாக மாறியது. அப்பா ஃபோனை வாங்கி, எழுத்துகளுக்குக் கீழே விரலை ஓட்டி, தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

"பா... து... காப்புக்காக... இந்தக் கணக்கும்... ஏ.டி.எம். அட்டையும்... பூட்டப்பட்டுள்ளன. உரியவர்... அடையாள அட்டையுடன்... வங்கிக்கு வரவும்."

"நம்ம பணத்தை நமக்கே தர மாட்டேங்குது பாருப்பா!" சில்லுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவோ திரையை மெச்சிக்கொண்டு பார்த்தார். "பரவாயில்லையே! நல்லா வேலை செஞ்சிருக்காங்க. மூணு தடவை தப்பாச்சு, டப்புன்னு மூடிடுச்சு. ஒரு இடுக்கு விடலை பாரு!" நல்ல வேலையை எங்கே பார்த்தாலும் அப்பாவால் பாராட்டாமல் இருக்க முடியாது.

"பூட்டை அப்புறம் பாராட்டலாம் அண்ணே" என்றார் மாமா. "என் மச்சான் ஃபோன் கடை வச்சிருக்கான். ஃபோனையும் அட்டையையும் என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. எந்த லாக்கா இருந்தாலும் உடைச்சுடுவான்."

அப்பா ஃபோனை நீட்டப் போனார். சில்லு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா. உடைக்கத் தெரிஞ்சவங்க நமக்கு மட்டுமா உடைப்பாங்க?"

"அடேயப்பா, வாயைப் பாரு! என் மச்சானைத் திருடன்ங்கிறியா?"

"இல்ல மாமா. அவர் நல்லவராவே இருக்கட்டும். அப்பா கணக்கை அப்பாதான் திறக்கணும். அதுலயே அப்படித்தான் எழுதியிருக்கு."

 மாமா சுவரில் தொங்கிய கடிகாரத்தைக் காட்டினார். "பேங்க் நாலு மணிக்கு மூடிடும். நான் இன்னிக்கு நாலரைக்கே ஷட்டரை இறக்கிடுவேன். கோவிச்சுக்காதீங்க அண்ணே. செம்புக் கம்பி என் கைக்காசுல வாங்கினது. 'அப்புறம் தர்றேன்'னு போன ரெண்டு பேர் இன்னும் அப்புறமாத்தான் இருக்காங்க."

அப்பாவும் மகளும் ஓட்டமும் நடையுமாக வங்கிக்குப் போனார்கள். பணம் எண்ணித் தரும் சன்னல் அதற்குள் மூடியிருந்தது. ஓரத்து மேசையில் ஓர் அலுவலர் அக்கா மட்டும் இருந்தார். காத்திருக்கும் பெஞ்சில் ஒரு தாத்தா குடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அலுவலர் அக்கா அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். "உங்க பிறந்த தேதி சொல்லுங்க ஐயா."

சில்லு டக்கென்று சொன்னாள்.

"நான் அவரைக் கேட்டேன் பாப்பா."

அப்பா சொன்னார்.

"கடைசியா எங்க பணம் கட்டினீங்க?"

"மருந்துக் கடை! நூத்திப் பத்து ரூபாய்!" என்றாள் சில்லு.

"பாப்பா..."

சில்லு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தலையைச் சொறிந்தார். "மருந்துக் கடைதாங்க. இவ சொல்றா."

அலுவலர் அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, உங்க கணக்கை யாரு நடத்துறாங்க?"

 சில்லுவுக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் திட்டுவார்களோ? கணக்கையே மூடிவிடுவார்களோ? நாளைக்கு நூலகத் தரை வேறொருவருக்குப் போய்விடுமோ? ஆனாலும் எழுந்து நின்றாள்.

"நான்தான் அக்கா. ஃபோன்ல இருக்கிறது என் விரல். அப்பா விரல் பதியவே இல்ல. அப்பா எண்ணை எல்லாம் சத்தமா சொல்லிடறாரு, அதனாலதான்..."

அலுவலர் அக்கா கையை நீட்டினார். "விரலைக் காட்டுங்க ஐயா."

அப்பா கூச்சத்தோடு கையை மேசை மேல் வைத்தார். பெருவிரல் வழவழவென்று, தேய்த்த கல் மாதிரி இருந்தது.

"தரையை நான் தேய்க்கிறேன்னு நினைச்சேம்மா. தரையும் என்னைத் தேய்ச்சிருக்கு" என்றார் அப்பா.

அலுவலர் அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தக் கை சம்பாதிச்ச பணம் ஐயா இது. உங்களைத் தவிர வேற யாருக்கும் திறக்கக் கூடாது. உங்க பொண்ணுக்கும்தான்" என்றார்.

பிறகு மேசை மேலிருந்த சின்னக் கேமராவைத் திருப்பினார். "விரல் இல்லைன்னா முகம் இருக்கு. பழைய புகைப்படத்தோட ஒத்துப் பார்க்கும். நேரா பாருங்க."

அப்பா குனிந்துகொண்டார். 'முகத்தை நிமிர்த்தவும்' என்றது திரை. அப்பா நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். எந்த அறைக்குப் போனாலும் அவர் கண் தரைக்குத்தான் போகும்.

"மூலையில தரை சமமா இல்லாம அலையடிக்குதே! இந்தத் தரைக்கு யாரும்மா பாலீஷ் போட்டது?"

"அப்பா! அப்புறம் பாரு!"

சில்லு ஓடிப்போய் கேமராவுக்குப் பின்னால் நின்றாள். வெங்காயக் கட்டு விரலைத் தூக்கி ஆட்டினாள். தரையைவிட அப்பா அதிகமாகப் பார்ப்பது அவளை ஒருத்தியைத்தான். நிமிர்ந்தார். சிரித்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது சிமிட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"இவர் இவரேதான்" என்றார் அலுவலர் அக்கா. "இனி புது ரகசிய எண். ஆறு எண். இந்தச் சின்னப் பலகையில அழுத்துங்க. யாரும் பார்க்க மாட்டோம்."

இப்படிச் சொன்ன கையோடு அவர் நாற்காலியைச் சுழற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சில்லு அசந்துபோனாள். வங்கியின் பெரிய அலுவலர், எல்லாருடைய கணக்கையும் பார்க்கிறவர், இந்த ஆறு எண்ணைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டுகிறாரே!

"பாப்பாவே போட்டுடட்டுமே" என்றார் அப்பா. "எனக்கு மறந்துட்டா?"

போன வாரமாக இருந்தால் சில்லு துள்ளிக் குதித்திருப்பாள். இப்போது கட்டைப் பார்த்தாள். தன் விரலுக்கு ஒரு வாரம் விடுமுறை என்றதும் அப்பாவின் வேலையே நின்றுவிடப் பார்த்ததே.

"வேணாம்பா. நீயே போடு. எனக்கும் சொல்லாதே." அவளும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா பலகையை இழுத்தார். ஒரு நொடி யோசித்தார். அழுத்தினார்.

"ஏழு! ரெண்டு! ஒன்பது! ஒன்பது! நாலு..."

பெஞ்சில் தூங்கிய குடைத் தாத்தா திடுக்கென்று விழித்து, "என் டோக்கன் நம்பர் வந்துடுச்சா?" என்று எழுந்தார்.

"நிறுத்துங்க நிறுத்துங்க!" அலுவலர் அக்கா திரும்பினார். "இந்த எண் செல்லாது ஐயா. இப்ப ஊருக்கே தெரியும். வேற எண் போடுங்க. மெதுவா."

அப்பா கிசுகிசுத்தார். குடைத் தாத்தா ஆர்வமாக, "கடைசியா சொன்னது ஆறா, நூறா?" என்று கேட்டார்.

"அதுவும் போச்சு" என்றார் அக்கா. மணி நான்கு ஆகப் போனது. காவலாளி கதவருகே சாவிக்கொத்தோடு நின்றார். "இன்னும் ஒருதடவைதான் ஐயா போடலாம். அப்புறம் நாளைக்குத்தான்."

"மனசுக்குள்ள படிப்பா!" சில்லு கெஞ்சினாள்.

"மனசுக்குள்ள படிச்சா எனக்கு எப்படிடி கேட்கும்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. அத்தனை பெரிய பாலீஷ் இயந்திரத்தைப் பூப்போல உருட்டுகிற அப்பாவுக்கு, வாயை மூடுவது மலையைத் தூக்குவது மாதிரி இருந்தது.

சில்லு சுற்றுமுற்றும் பார்த்தாள். கையால் அவர் வாயைப் பொத்தலாமா? பொத்தினாலும் உள்ளேயிருந்து குரல் வரும். துணியைக் கடிக்கச் சொல்லலாமா? பாவம். சுவரோரம் தண்ணீர்க் கேன் தெரிந்தது. ஓடினாள். காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதை வாய் நிறைய வச்சுக்கோ. முழுங்காதே. அப்படியே அழுத்து."

அப்பா ஒரே மடக்கில் வாய்க்குள் ஊற்றிக்கொண்டார். இரண்டு கன்னமும் உப்பின. கண்கள் உருண்டன. எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். அலுவலர் அக்கா சுவரைப் பார்த்தார். சில்லு சுவரைப் பார்த்தாள். காவலாளி கதவைப் பார்த்தார். குடைத் தாத்தா, 'நமக்கு எதுக்கு வம்பு' என்று உள்ளேயே குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ம்ம்... ம்ம்ம்... ம்... ம்ம்... ம்ம்... ம்ம்ம்ம்."

அவ்வளவுதான் கேட்டது. உறுதிப்படுத்த இன்னொரு முறை. மறுபடி ஆறு 'ம்ம்'. பச்சை விளக்கு எரிந்தது. அப்பா தண்ணீரை மடக்கென்று விழுங்கினார்.

அந்த ஆறு எண் என்ன என்று சில்லுவுக்குத் தெரியாது. அலுவலர் அக்காவுக்கும் தெரியாது. கதை சொல்கிற எனக்கும் தெரியாது. கேட்டுவிடாதீர்கள்.

"இத்தனை வருஷ வேலையில இப்படி ஒரு யோசனையை நான் பார்த்ததில்ல பாப்பா" என்று அலுவலர் அக்கா சில்லுவின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபோனில் பதிந்திருந்த அவள் விரலை நீக்கும்போது, "வருத்தமா?" என்று கேட்டார்.

"கொஞ்சூண்டு" என்றாள் சில்லு.

காயில் மாமா கடையைக் கழுவிவிட்டு, ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்த நேரத்தில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். பக்கத்துக் கடைப் பையன்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"விரல் சரியாயிடுச்சா?" என்றார் மாமா.

"விரல் வேணாம் மாமா. அப்பாவே கட்டுவாரு."

"உங்கப்பாவா? அப்ப எல்லாரும் எழுதிக்கோங்கடா! அண்ணன் நம்பர் சொல்லப் போறாரு!"

பையன்கள் சிரித்தார்கள். சில்லு அவசரமாகத் தண்ணீர் தேடினாள். கடையைக் கழுவியதில் குடம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. 

அப்பா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். மூச்சை நன்றாக இழுத்தார். உதடுகளை உள்ளே மடித்து அழுத்திக்கொண்டார். தண்ணீரே இல்லாமல் கன்னங்களை உப்பினார். மாமா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்ததும், முழங்கையால் அவரை மெல்லத் திருப்பிவிட்டார். பேச முடியாது அல்லவா! பிறகு தொகையைப் போட்டார். அடுத்து ஒவ்வோர் எண்ணாக, தரையில் கல் பதிப்பது போல நிதானமாக அழுத்தினார்.

ஒரு 'ம்ம்' கூட வரவில்லை. பையன்களின் சிரிப்பு நின்றுவிட்டது. சில்லு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

டிங்!

கடைச் சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி கணீரென்று அறிவித்தது. "நான்காயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய் வந்து சேர்ந்தது."

அப்பா மடித்த உதடுகளை விடுவித்துப் பெரிதாக மூச்சு விட்டார். "இதைச் சத்தமா சொல்லலாமா சில்லு?"

"தாராளமா சொல்லுப்பா!"

அப்பா நடுத்தெருவில் நின்றுகொண்டு, இத்தனை நேரம் அடக்கி வைத்த குரலையெல்லாம் சேர்த்து, "நாலாயிரத்து... அறுநூத்தி... எண்பது! கடன் தீர்ந்துச்சு!" என்று கத்தினார். எட்டாவது வீட்டு மாடியில் ஒருவர் சன்னலைத் திறந்து, "சந்தோஷம்ங்க!" என்றார்.